கித்தா மரமும் கன்பூசியஸும்: லிம் பூன் கெங்கின் வாழ்க்கை

பேரவை மலருக்கு அறிஞர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, அவர்கள் மனத்தில் இருந்தது ஒரு தமிழறிஞர் என்பது எனக்குத் தெரியும். தனிநாயகம் அடிகளார், கோ. சாரங்கபாணி என்று இரண்டு பெயர்களையும் எடுத்துக் கொடுத்தார்கள். நான் எழுதியிருப்பதோ ஒரு சீனரைப் பற்றி. தமிழ் மலரில் சீனருக்கு என்ன வேலை என்று முகம் சுளிப்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் தாத்தா பாட்டிகள் வெட்டிய பால்மரத்துக்கும் அவருக்கும் உறவு உண்டு. நம்மில் பலருக்கும் அவருக்கும் இன்னொரு உறவும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தோட்டப் பிள்ளை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் எங்கள் லயம். இந்நாட்டின் முதல் செம்பனை வாணிபத் தோட்டம் 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே என்பவரால் தொடங்கப்பட்டது எங்கள் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். பெயரே தமிழ்! ஆனாலும் என் பாட்டியின் காலம் முழுவதும் கித்தாக் காட்டிலேயே கழிந்தது. விடியற்காலை பெரட்டுக்கு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போன தலைமுறை அது. அந்த மரத்தை இங்கே கொண்டுவந்தது வெள்ளைக்காரத் துரை என்றுதான் பாட்டி சொல்வார். பள்ளி வரலாற்றுப் புத்தகமும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது. 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்த 22 கன்றுகள், சட்டைப்பையில் விதையை நிரப்பிக்கொண்டு கண்டவரிடமெல்லாம் நடச் சொல்லிக் கெஞ்சிய ரிட்லி. அத்தோடு கதை முடிந்தது.

எங்களுக்குத் தெரிந்த சீனர் டவுனில் மளிகைக்கடை வைத்திருந்த தவுக்கே ஒருவர்தாம். சம்பளம் போட்ட மறுநாள் அவருடைய கடன் புத்தகம் திறக்கும். கடையின் உள்சுவரில் சிவப்பு மாடம், அதில் அவருடைய தகப்பனார் படம், எப்போதும் புகைந்துகொண்டிருக்கும் ஊதுவத்தி. அந்த மாடத்துக்குப் பின்னால் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுச் சிந்தனை ஒன்று இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. எங்கள் முனியாண்டி சாமியைப் பற்றி அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பல்கலைக்கழகத்தில் எனக்கு வாய்த்த அறைத்தோழர் செகிஞ்சான்காரர். மீனவர் குடும்பம். ஒரு பாடத்துக்காக அவர் புதுக் கன்பூசியம் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். ஓர் இரவு, அரசன் தவறு செய்தால் குடிமக்கள் என்ன செய்யலாம் என்று உங்கள் நூல் சொல்கிறதா என்று என்னிடம் கேட்டார். நான் செங்கோன்மையிலிருந்தும் கொடுங்கோன்மையிலிருந்தும் குறள்களை மடமடவென்று ஒப்பித்தேன். எஸ்பிஎம் தேர்வுக்கு மனனம் செய்தவை. பொருள் கேட்டார், சொன்னேன். ஏன் அப்படி, எதன் அடிப்படையில் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் நூலகத்துக்குப் போய் ஜி. யு. போப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் எடுத்தபோது எனக்குக் காது சிவந்தது. என் மூதாதையின் நூலை ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரின் வழியாகத்தான் நான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த வாரத்தில்தான் லிம் பூன் கெங்கின் வாழ்க்கையைப் படித்தேன். அந்தச் சிவந்த காது அவருக்கும் இருந்திருக்கிறது.

லிம் பூன் கெங் 1869 அக்டோபர் 18இல் சிங்கப்பூரில் பிறந்தார். பாட்டனார் புக்கியன் மாநிலத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறி வந்தவர். பிறகு சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தார். பாபா என்றும் பெரானாக்கான் என்றும் நாம் அழைக்கும் நீரிணைச் சீனர் குடும்பம் அது. வீட்டில் மலாய் கலந்த பேச்சு, பள்ளியில் ஆங்கிலம், முதுகில் நீண்ட சடை. இராபிள்ஸ் கல்விக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே தந்தையார் காலமானார். படிப்பை விட்டுவிடவிருந்த பையனைத் தடுத்து நிறுத்தியவர் தலைமையாசிரியர் ஹல்லட். 1887இல் மகாராணியார் உபகாரச் சம்பளத்தைப் பெற்ற முதல் சீனர் என்ற பெருமையோடு லிம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு மருத்துவம் படிக்கப் போனார்.

அங்கேதான் அந்த நிகழ்ச்சி. சீன எழுத்துகள் கொண்ட ஒரு சுருளை ஆசிரியர் ஒருவர் அவரிடம் நீட்டி, இதற்குப் பொருள் சொல் என்றாராம். முகம் சீனருடையது, பெயர் சீனருடையது, சடையும் இருந்தது. படிக்கத் தெரியவில்லை. சீனாவிலிருந்து வந்திருந்த மாணவர்களும், தாய்மொழி தெரியாத இவரைத் தம்மில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தக் குளிர்நாட்டில், உடற்கூறு நூல்களுக்கு நடுவே, அவர் சீனம் கற்கத் தொடங்கினார். சீன மூலநூல்களை ஆங்கில மொழிபெயர்ப்புகளின் துணையோடு படித்தார்.

இங்கே ஒரு சிறு விலகல். அக்காலத்தில் ஆங்கிலம் படித்தவர்களுக்குக் கன்பூசியஸைத் திறந்து காட்டியவர் ஜேம்ஸ் லெக் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1840இல் நம் மலாக்காவில் இருந்த ஆங்கில-சீனக் கல்லூரிக்கு வந்து இறங்கியவர் அவர். பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதல் சீனப் பேராசிரியர் ஆனார். 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பும் அதே ஆண்டுகளில் அதே ஆக்ஸ்ஃபோர்டில்தான் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தார். பரப்ப வந்த சமயத்தை ஒரு கையிலும், கற்றுக்கொண்ட நூலை மறு கையிலும் வைத்திருந்த இரண்டு கிழவர்கள் ஒரே ஊரில். சீனர்களும் தமிழர்களும் தங்களைத் தாங்களே திரும்பிப் பார்க்க வேண்டி வந்தபோது, கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தவை இந்தக் கைகள்தாம். நன்றி சொல்லவும் வேண்டும். கண்ணாடி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று பார்க்கவும் வேண்டும்.

1892இல் முதல்நிலைத் தேர்ச்சியோடு பட்டம் பெற்று, 1893இல் சிங்கப்பூர் திரும்பினார். தெலுக் ஆயர் தெருவில் மருந்தகம் திறந்தார். 1895இல், 26 வயதுகூட நிறைவதற்கு முன்னரே, சட்டமன்றத்துக்குச் சீனர் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். 1897இல் வழக்கறிஞர் சோங் ஓங் சியாங்குடன் சேர்ந்து நீரிணைச் சீனர் சஞ்சிகை ஒன்றை ஆங்கிலத்தில் தொடங்கினார். அது 1907 வரை வந்தது. 1899 ஜூலையில் சீனப் பெண்களுக்கென ஒரு பள்ளி, தொடக்கத்தில் 7 மாணவியருடன். பெண் பிள்ளைகளைப் படிதாண்ட விடாத பாபா குடும்பங்களுக்கு இது பேரிடி. சடையை வெட்டுங்கள் என்ற இயக்கம் அதைவிடப் பெரிய இடி.

சடை விவகாரத்தில் அவருடைய வாதத்தை நான் மிகவும் ரசித்தேன். சடையை வெட்டினால் சீனத் தன்மை போய்விடும் என்று பழமைவாதிகள் கொதித்தார்கள். அவரோ, சடை என்பது வடக்கிலிருந்து வந்து நாட்டைப் பிடித்த மஞ்சு அரசர்கள் சீனர் தலையில் கட்டிவிட்ட அடிமைச் சின்னம், கன்பூசியஸ் சடை வைத்திருந்தாரா என்று மரபை வைத்தே மரபை மடக்கினார். எடின்பரோவில் கற்ற அறுவை முறை!

அவருடைய தத்துவம் என்று தனி நூலாக ஒன்றைக் காட்ட முடியாது. சஞ்சிகையில் தொடர்ந்து எழுதிய கட்டுரைகளில் அது சிதறிக் கிடக்கிறது. சாரத்தை என் சொற்களில் தருகிறேன். மேலைநாட்டார் அறிவியலால் உயர்ந்தார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்களுடைய சமயம் அந்த அறிவியலோடு ஒத்துப்போவதில்லை. அற்புதங்களையும் பிறவிப் பாவத்தையும் நம்பச் சொல்கிறது. கன்பூசியஸோ மறுமையைப் பற்றி அதிகம் பேசாமல், மனிதன் மனிதனோடு எப்படி வாழ்வது என்பதையே பேசினார். ஆகவே அறிவியல் யுகத்துக்கு ஏற்ற அறம் சீனரிடம் முன்னமே இருக்கிறது. தூசு தட்டி எடுத்தால் போதும். இந்தத் தூசு தட்டும் வேலையைத்தான் அவர் பள்ளிகள் வழியாகவும் சொற்பொழிவுகள் வழியாகவும் செய்தார். 1896இல் அவர் மணந்த மார்கரெட், அமெரிக்காவில் படித்தவர். சரவாக்கின் சிபுவில் சீனக் குடியேற்றத்தை உருவாக்கிய கிறிஸ்தவர் வோங் நாய் சியோங்கின் மகள். பாதிரிமார்களோடு எழுத்தில் சண்டை, வீட்டில் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். 1905இல் அந்த அம்மையார் மறைந்தார். 1908இல் அவர் மறுமணம் செய்துகொண்டார்.

கன்பூசியஸின் சிந்தனையில் நடுநாயகமாக நிற்பவை இரண்டு சொற்கள். ஒன்று ரென். மனிதத்தன்மை என்றும் அன்பு என்றும் சொல்லலாம். நம் வள்ளுவரின் அன்புடைமையையும் கண்ணோட்டத்தையும் சேர்த்துப் பிசைந்தால் கிடைக்கும் பொருள். இன்னொன்று ஜுன்ட்ஸு. அச்சொல்லுக்கு முதலில் பிரபுவின் மகன் என்றே பொருள் இருந்தது. பிறப்பால் வருவதல்ல, பண்பால் வருவது அந்த உயர்வு என்று கன்பூசியஸ் சொல்லின் பொருளையே மாற்றினார். நம் சான்றோன் என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். சங்கப் பாடல்களில் போர்வீரனையும் குறித்த சொல் அது. வள்ளுவரிடம் வரும்போது வாளைக் கீழே வைத்துவிட்டுச் சால்புடையவனாக நிற்கிறது. இரண்டு மொழிகளில், ஒன்றையொன்று அறியாமல், ஒரே பயணம். அறைத்தோழரிடம் இதைச் சொன்ன அன்றுதான் என் முதல் நாள் வெட்கம் கொஞ்சம் தணிந்தது.

ஆனால் லிம் தட்டியது தூசை மட்டும்தானா? இங்கேதான் எனக்கு அவரோடு சிறு சண்டை. அவர் காட்டிய கன்பூசியஸ் மிகவும் சுத்தமானவர். எடின்பரோ சவர்க்காரத்தில் குளித்தவர். பாதிரிமார் மூடநம்பிக்கை என்று விரல் நீட்டக்கூடிய எதுவும் அவர் மேல் ஒட்டியிருக்காது. பத்தாங் பெர்ஜுந்தை தவுக்கேயின் சிவப்பு மாடத்துக்கு அந்தக் கன்பூசியஸின் வீட்டில் இடம் இருந்திருக்குமா என்று சந்தேகப்படுகிறேன். நாமும் இதையேதான் செய்கிறோம். வள்ளுவரை உலகப் பொதுமறையாளராக மேடையில் நிறுத்தும்போது, தோட்டத்து முனியாண்டியையும் காவடியையும் பாட்டியின் குறி கேட்கும் பழக்கத்தையும் மேடைக்குப் பின்னால் தள்ளிவிடுகிறோம். பிறர் பார்வைக்காக ஒழுங்குபடுத்திய வீட்டில் நாமே விருந்தாளி ஆகிவிடும் அபாயம் உண்டு.

இனிக் கித்தா மரத்துக்கு வருகிறேன். ரிட்லி கெஞ்சியபோது காப்பி பயிரிட்டிருந்த துரைமார் பலர் அவரைக் கிறுக்கர் என்று ஒதுக்கினார்கள். செவிசாய்த்தவர் மலாக்காவின் டான் சே யான் என்ற பாபா. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் அவர் நட்டதே மலாயாவின் முதல் ரப்பர் வாணிபத் தோட்டம். அவரை ஊக்கி உடன் நின்றவர்களில் முக்கியமானவர் நம் டாக்டர் லிம். புக்கிட் அசகானில் 3,000 ஏக்கர் அளவுக்கு முயற்சி விரிந்தது. 1909இல் சிங்கப்பூரின் செம்பாவாங் ரப்பர் தோட்டக் கம்பெனி உருவானபோதும் அதற்குப் பின்னால் நின்றவர்களில் அவர் ஒருவர். அந்தப் பத்தாண்டில்தான் சிலாங்கூர் ஆற்றங்கரையிலும் புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெரம் பக்கங்களிலும் காடுகள் சரிந்து கித்தா எழுந்தது. கங்காணிகளின் பின்னால் நம் மக்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். வெள்ளைக்காரத் துரை கொண்டுவந்த மரம் என்று பாட்டி சொன்ன கதையில், கன்பூசியஸ் படித்த ஒரு சீன மருத்துவரும் நிற்கிறார். பாட்டி உயிரோடு இருந்தபோது இது எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். நம்பியிருக்க மாட்டார்.

அபின் ஒழிப்பையும் சொல்ல வேண்டும். 1906இல் மைத்துனர் டாக்டர் யின் சுவாட் சுவானோடு சேர்ந்து அபினுக்கு எதிரான சங்கத்தைத் தொடங்கினார். நீரிணைக் குடியேற்ற அரசின் வருமானத்தில் பாதியை ஒட்டிய பங்கு அபினிலிருந்து வந்த காலம் அது. அரசின் மடியிலேயே கை வைத்தார். உழைப்பாளியை மயக்கி, அவன் கூலியை அவனிடமிருந்தே திரும்ப வாங்கிக்கொள்ளும் தந்திரம் சீனக் கூலிக்கு அபின் என்றால், தோட்டத்துத் தமிழனுக்குக் கள்ளு. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. லிம் தொடங்கி 35 ஆண்டுகள் கழித்து நம்மவர் அந்த இடத்துக்கு வந்தார்கள்.

அரசியலில் அவர் ஒரே நேரத்தில் மூன்று படகுகளில் கால் வைத்தவர் போலத் தோன்றும். பிரிட்டிஷ் குடிமகன், 1900இல் நீரிணைச் சீனர் பிரிட்டிஷ் சங்கத்தை அமைத்தவர்களில் ஒருவர், 1918இல் ஓபிஇ விருது பெற்றவர். அதே 1900இல் தலைக்கு விலை வைக்கப்பட்டு ஓடிவந்த சீனச் சீர்திருத்தவாதி காங் யூவெய்க்குச் சிங்கப்பூரில் துணை நின்றவர். காங்கின் எதிர்முகாமைச் சேர்ந்த சன் யாட் சென்னுக்கும் வேண்டியவர். 1912இல் அவர் தற்காலிக அதிபரானபோது அந்தரங்கச் செயலாளராகவும் மருத்துவராகவும் இருந்தார். 1917இல், முதல் உலகப் போரைக் கன்பூசியப் பார்வையில் ஆராய்ந்து ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். ஐரோப்பா தன்னைத் தானே பீரங்கியால் கிழித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. அறிவியலில் ஆசானாக இருந்தவரை அறத்தின் கேள்விகளால் நிறுத்திப் பார்க்க ஒரு காலனி நாட்டு மருத்துவருக்குத் துணிவு வந்ததே பெரிது.

1921இல் வாழ்க்கை திசை மாறியது. ரப்பரில் கோடீசுவரரான டான் கா கீ தம் சொந்த மண்ணான புக்கியனில் அமாய் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். இந்த டான் கா கீயின் ரப்பர் தொடக்கம், 1906இல் டான் சே யானிடம் 1,800 வெள்ளிக்கு வாங்கிய 1,80,000 விதைகள். பல்கலைக்கழகத் தலைவராக வரும்படி அவர் கேட்டபோது, 51 வயது லிம் சிங்கப்பூரில் கட்டி வைத்திருந்த மருந்தகம், வங்கிகள், செல்வாக்கு அனைத்தையும் விட்டுவிட்டுப் போனார். 16 ஆண்டுகள் அங்கே இருந்தார்.

அங்கேதான் அவரைக் காலம் கடுமையாகச் சோதித்தது. சீன இளைஞர்கள் அப்போது கன்பூசியஸ் கடையை உடைத்தெறி என்று முழங்கிக்கொண்டிருந்தார்கள். நாட்டின் அடிமைத்தனத்துக்கும் பெண்ணடிமைக்கும் கன்பூசியஸே காரணம் என்றார்கள். அந்த இயக்கத்தின் கூர்மையான பேனாவான லூ சுன் 1926 செப்டம்பரில் அமாய்க்குப் பேராசிரியராக வந்தார். கன்பூசியஸை வணங்குகிற, பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற, ஆங்கிலத்தில் உரையாற்றுகிற ஒரு தலைவரைக் கண்டார். அவருக்கு அது எரிச்சலும் சிரிப்புமாக இருந்தது; எழுத்தில் கிண்டல் செய்தார். 1927 சனவரியில் போய்விட்டார். அவரோடு மாணவர் பலரும் கொதித்தார்கள். உலக இலக்கிய வரலாற்றில் லூ சுன்னுக்குப் பெரிய இடம் கிடைத்தது. அந்த வரலாற்றில் லிம் ஒரு கோமாளி வேடத்தில் நின்றுவிட்டார்.

இதில் யார் பக்கம் நிற்பது? நான் பல நாள் யோசித்தேன். தாய்மொழியில் மூழ்கி வளர்ந்து, அதன் நோயை உள்ளிருந்தே அறிந்தவர் லூ சுன். உடைக்கும் உரிமை அவருக்கு இருந்தது. லிம்மோ பறிகொடுத்த ஒன்றை வெளியே நின்று தேடி எடுத்தவர். தேடி எடுத்தவனுக்கு அதை உடைக்கக் கை வராது. தமிழ்ப்பள்ளியில் படித்தும் போப் வழியாகக் குறளுக்கு வந்த நான், தமிழே எழுதத் தெரியாமல் பல்கலைக்கழகம் வந்து பேரவையில் அரிச்சுவடி தொடங்கிய நம் தோழர் தோழியர், நாமெல்லாம் லூ சுன் அல்லோம். லிம் பூன் கெங்கின் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள். ஆரம்பத்தில் சொன்ன இன்னோர் உறவு இதுதான். லூ சுன் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தச் சிரிப்பு என் மேலும் விழுகிறது.

தோல்விக்கு நடுவிலும் அவர் சும்மா இருக்கவில்லை. பண்டைச் சீனக் கவிஞர் சூ யுவானின் லி சாவ் என்னும் நெடும்பாடலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1929இல் வெளியிட்டார். அதற்கு முன்னுரை வழங்கியவர்களில் இரவீந்திரநாத் தாகூரும் ஒருவர். எடின்பரோவில் ஒரு சுருளைப் படிக்க முடியாமல் நின்ற பையன், 60 வயதில் சீனத்தின் மிகக் கடினமான பாடல் ஒன்றை உலகுக்குப் பொருள் சொல்லிக் கொடுத்தார்.

பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1932இல் ஒரு பவுண்டு ரப்பர் 5 காசு என்னும் அளவுக்கு வீழ்ந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து 1930க்கும் 1932க்கும் இடையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எஞ்சியவர்களின் கூலி குறைந்தது. எங்கள் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கு தின்று நாள் கழித்த கதைகளைப் பாட்டி அவருடைய தாயாரிடம் கேட்டிருக்கிறார். அதே மந்தத்தில் டான் கா கீயின் கம்பெனி சாய்ந்தது, 1934இல் மூடப்பட்டது. அமாய்ப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் நின்றது. தலைவர் லிம் மலாயாவுக்கு வந்து ஊர் ஊராக நிதி திரட்டினார். அந்தப் பல்கலைக்கழகத்தின் விளக்கு எரிந்தது கித்தாப் பாலில்தான். கன்பூசியஸின் ரென் பற்றி அங்கே நடந்த ஒவ்வொரு வகுப்புக்கும் பின்னால், மலாயாவின் ஏதோ ஒரு தோட்டத்தில் இருட்டில் மரம் சீவிய கை ஒன்று உண்டு. அந்தக் கைக்கு அதில் என்ன பங்கு என்று கேட்பது அவருடைய அறத்துக்கே உரிய கேள்வி. எனக்கு அவரிடம் மிச்சமிருக்கும் மனத்தாங்கல் இது ஒன்றுதான்.

1937இல் பல்கலைக்கழகம் சீன அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. லிம் சிங்கப்பூர் திரும்பினார். ஓய்வு கிடைக்கவில்லை. 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபோது அவருக்கு வயது 72. சீன ஆண்களை வரிசையில் நிறுத்திக் கொன்று குவித்த நாள்கள். வெளிநாட்டுச் சீனர் சங்கம் ஒன்றுக்குத் தலைமை ஏற்கும்படி அவரைக் கட்டாயப்படுத்தினார்கள். மறுத்த அவரைப் பணிய வைக்க, அவர் மனைவியை வெயிலில் மணிக்கணக்கில் மண்டியிட வைத்தார்கள். ஏற்றுக்கொண்டார். மலாயாச் சீனர்கள் 5 கோடி வெள்ளி காணிக்கை தர வேண்டும் என்று கட்டளை வந்தது. சிலாங்கூர்ச் சீனர் தலையிலும் ஒரு பங்கு விழுந்தது. 2 கோடியே 80 லட்சம் அளவுக்கே திரட்ட முடிந்தது. மீதியை ஜப்பானிய வங்கியிலேயே கடனாக வாங்கி ஜப்பானியருக்கே கொடுத்தார்கள். அதே ஆண்டுகளில் நம் தோட்டங்களிலிருந்து ஆண்கள் சயாம் மரண இரயில் பாதைக்கு லாரிகளில் ஏற்றப்பட்டார்கள்.

போருக்குப் பின் அவர் பொதுவாழ்வில் அதிகம் தலைகாட்டவில்லை. பகைவனுக்குப் பணிந்தவர் என்ற முணுமுணுப்பு சிலரிடம் இருந்தது. அவரால் காப்பாற்றப்பட்ட உயிர்களை எண்ணிப் பார்த்தவர்களும் இருந்தார்கள். மனைவி வெயிலில் மண்டியிட்டிருக்க, 72 வயதுக் கிழவர் எடுத்த முடிவை நாம் நாற்காலியில் உட்கார்ந்து எடைபோடக் கூடாது என்பது என் கருத்து.

1957 சனவரி 1இல் லிம் பூன் கெங் காலமானார். மலாயா விடுதலை பெற இன்னும் எட்டு மாதங்கள் இருந்தன. சரியாக ஓராண்டு கழித்து, 1958 சனவரி 1இல், மௌ ட்சோங்சான், டாங் ஜுன்யி உள்ளிட்ட நான்கு சீன அறிஞர்கள் ஹாங்காங் இதழொன்றில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். சீனப் பண்பாடு அருங்காட்சியகப் பிணம் அன்று, உயிருள்ளது; மேற்கிடமிருந்து மக்களாட்சியும் அறிவியலும் அது கற்க வேண்டும், மேற்கும் அதனிடம் கற்க வேண்டியவை உண்டு என்பது அதன் சாரம். புதுக் கன்பூசியம் என்று என் அறைத்தோழர் படித்த பாடம் இவர்களைப் பற்றியதுதான். மௌ ட்சோங்சான் பிற்காலத்தில் ஜெர்மானியத் தத்துவ மேதை காண்ட்டின் மூன்று பெரும் விமர்சன நூல்களையும் சீனத்தில் மொழிபெயர்த்து, அவரோடு வரிக்கு வரி வாதாடினார். லிம்மைப் போலக் கன்பூசியஸை மேற்கின் கண்ணாடிக்கு ஏற்ப உடுத்திவிடாமல், நேருக்கு நேர் உட்கார வைத்தார். அந்தப் பரம்பரையின் பட்டியலில் லிம்முக்கு யாரும் இடம் தருவதில்லை. ஆனாலும் கேள்வி அவருடையதே. அவர்கள் கையில் அது கூர்மை பெற்றது.

நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தவர் 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்ற தனிநாயகம் அடிகளார். வள்ளுவரையும் சங்கச் சான்றோரையும் கிரேக்க, உரோம ஸ்டோயிக் சிந்தனையாளர்களின் பக்கத்தில் சமமாக உட்கார வைத்தார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டினார். 1995இல் அதே பல்கலைக்கழகத்தில் இஸ்லாத்துக்கும் கன்பூசியத்துக்கும் இடையே ஒரு கருத்தரங்கம் நடந்தது. ஹார்வர்டிலிருந்து டு வெய்மிங் வந்திருந்தார். வள்ளுவருக்கும் கன்பூசியஸுக்கும் இடையே அப்படி ஒன்றை நாம் கூட்டினால் என்ன என்று நான் பேரவைக் கூட்டத்தில் கேட்டேன். நிதி எங்கே என்றார்கள்.

லிம்மை அடக்கம் செய்தது சிங்கப்பூரின் பிடாடாரி இடுகாட்டில். 2000களில் அந்த இடுகாட்டைத் தோண்டி அப்புறப்படுத்திவிட்டார்கள். அவர் பெயரில் ஒரு சாலையும், 2003இல் திறந்த ஒரு விரைவு இரயில் நிலையமும் இருக்கின்றன. செகிஞ்சான் நண்பரோடு ஒருமுறை அங்கே இறங்கினேன். நிலையத்தின் பெயர் ஆங்கிலத்திலும் சீனத்திலும் தமிழிலும் எழுதப்பட்டிருந்தது. நண்பர் சீனத்தில் இருந்ததைப் படித்தார். நான் தமிழில் இருந்ததைப் படித்தேன். பின்னால் வந்த கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு மேலே போனது.